முராபஹா முதலான இஸ்லாமிய ஒப்பந்தக் கோப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஸ்லாமிய நிதி ஒப்பந்தங்களைச் சரிபார்க்கப் புதிதாக வருபவர்கள், ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்க்கிறேன். ஒப்பந்தத்தில் வட்டி இருக்கிறதா என்று தேட எல்லோருக்கும் தெரியும். பொருள் எந்த நேரத்திலிருந்து யாருடையது என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

வாங்காததை விற்பது

முராபஹாவில் வங்கி பொருளை வாங்கி, அடக்க விலையையும் லாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி, வாடிக்கையாளருக்குத் தவணையில் விற்கிறது. "உன்னிடம் இல்லாததை விற்காதே" என்று ஹகீம் இப்னு ஹிஸாமிடம் நபிகள் நாயகம் சொன்னதே இதற்கு அடிப்படை. பொருள் முதலில் வங்கியின் கைவசம் வர வேண்டும். கிடங்கில் கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை. தனியாக அடையாளம் காட்டப்பட்டு, எடுத்துக்கொள்ளத் தடையில்லாமல் இருந்தால் போதும். ஆனால் வாங்குவதற்கும் விற்பதற்கும் இடையே ஒரு மணி நேரமே ஆனாலும், பொருள் எரிந்தால் இழப்பு வங்கியுடையது. இழப்புக்குப் பொறுப்பேற்காத பொருளில் லாபம் கூடாது என்பதும் நபிமொழியே.

நடைமுறையில் வாடிக்கையாளரையே முகவராக்கி வாங்கச் சொல்கிறார்கள். என் மேசைக்கு வந்த ஒரு கோப்பில் கையெழுத்துகள் எல்லாம் சரியாக இருந்தன. விற்பனையாளரின் பில்லைப் புரட்டினால், தேதி முகவர் ஒப்பந்தத்துக்கு முந்தையது! வாடிக்கையாளர் தன் பெயரிலேயே சரக்கை வாங்கி, பணமும் கொடுத்து, பாதியைப் பயன்படுத்தியும் விட்டிருந்தார். அவருடைய சரக்கையே அவருக்கு விற்றதாக வங்கி எழுதியிருந்தது. அந்த லாபம் முழுவதையும் தர்மத்துக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதைவிட எனக்கு இன்றும் ஆறாதது, "வரிசை மாறினால் என்ன, கணக்கு ஒன்றுதானே?" என்று ஒருவர் கேட்டதுதான். வரிசை மாறினால் வங்கி ஒரு கணம்கூட அந்தப் பொருளுக்குச் சொந்தக்காரர் ஆகவில்லை. நடந்தது வெறும் கடன், வாங்கிய கூடுதல் தொகை வட்டி.

பில், டெலிவரி ரசீது, விற்பனை ஒப்பந்தம் மூன்றையும் அருகருகே வைத்துத் தேதியும் நேரமும் பாருங்கள். முரண்பட்டால் முன்தேதியிட்டுச் சரிக்கட்டாதீர்கள். அது பொய்ச்சாட்சி.

இஜாராவில் செலவைத் தள்ளிவிடுவது

இஜாரா என்பது வாடகை ஒப்பந்தம். வாடகைக்கு விட்ட பொருள் வங்கியுடையது. பெரிய பழுதும் தகாஃபுல் (இஸ்லாமியக் காப்பீடு) செலவும் வங்கியின் பொறுப்பு.

ஹிபாவை எழுதிப் பெட்டியில் வைப்பது

ஹிபா என்பது கொடை. ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் (சட்டப் பள்ளிகளில்) பெறுபவர் கைப்பற்றும்வரை உடைமை மாறாது. தந்தை பத்திரம் எழுதிவிட்டு வீட்டைத் தம் பொறுப்பிலேயே வைத்திருந்து இறந்தால், அது வாரிசுகள் அனைவருக்கும் உரிய சொத்து. இதனால் உடன்பிறந்தவர்கள் பிரிவதைப் பார்த்திருக்கிறேன்.

சுகூக்

சுகூக் என்பது சொத்தில் பங்கைக் குறிக்கும் முதலீட்டுச் சான்றிதழ். அதை வைத்திருப்பவருக்குச் சொத்தில் உண்மையான பங்கு இருக்க வேண்டும் என்று, இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான ஆயோஃபி தரநிலை அமைப்பு 2008-இல் அறிவித்தது. ஆவணத்தின் மேலட்டையைப் பார்த்து நம்பாமல், உரிமை மாற்றப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.