பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: பிடிஆர்எஃப்எஸ்ஸில் போடுங்கள்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப் வாங்கி ஓட்டுகிற நம்மவர்கள் நிறையப் பேர். இன்டெல் ஏழாம் தலைமுறை அல்லது அதற்கும் பழையது என்றால் விண்டோஸ் 11 பெரும்பாலும் முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடலாம் என்று நினைத்தால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) எது என்பதை மட்டும் போடும்போதே முடிவு செய்துவிடுங்கள், பிறகு மாற்றுவது பெரிய தலைவலி.

மின்ட் தானாகக் கொடுப்பது ஈஎக்ஸ்டி4. நல்ல ஃபைல் சிஸ்டம்தான். ஆனால் அதில், சிஸ்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுபோக மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட் என்ற கருவி கோப்புகளை உட்கார்ந்து நகலெடுக்க வேண்டும், முதல் நகலே சிஸ்டம் அளவுக்கு இடம் பிடிக்கும். பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் பழைய தரவின் மேல் எழுதாமல் மாறியதை மட்டும் புது இடத்தில் எழுதுவதால், ஸ்னாப்ஷாட் (சிஸ்டம் அந்த நேரத்தில் இருந்த நிலையின் பதிவு) எடுப்பது ஓரிரு நொடி வேலை. இன்னொன்று, தரவுக்கெல்லாம் சரிபார்ப்பு எண் வைத்திருக்கும். யாரோ பல வருடம் ஓட்டிய எஸ்எஸ்டி சத்தமில்லாமல் ஒரு கோப்பைக் கெடுத்திருந்தால் படிக்கும்போதே பிழை காட்டிவிடும். 2009லேயே லினக்ஸ் கெர்னலில் (சிஸ்டத்தின் மையப் பகுதி) சேர்ந்துவிட்டது, ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் 2020 முதல் டெஸ்க்டாப்புக்கு இதைத்தான் இயல்பாகத் தருகிறது. பயப்பட ஒன்றுமில்லை.

முதலில் லேப்டாப்பில் உள்ள கோப்புகளை வெளி டிஸ்க்கில் ஏற்றிவிடுங்கள், ஏனென்றால் மொத்தமும் அழியப்போகிறது. மின்ட் 22 ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் செய்வதற்கான கோப்பு) இறக்கி, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் வைத்துப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்யுங்கள் (டெல், திங்க்பேடுக்கு எஃப்12, எச்பிக்கு எஃப்9). வைஃபை, டச்பேட், சவுண்ட் எல்லாம் வேலை செய்கிறதா பார்த்துவிட்டு இன்ஸ்டாலரைத் திறங்கள்.

‘இன்ஸ்டாலேஷன் டைப்’ பக்கம் வந்ததும் நிதானம். ‘எரேஸ் டிஸ்க்’ கொடுத்தால் ஈஎக்ஸ்டி4தான் வரும், அதனால் ‘சம்திங் எல்ஸ்’. புதிய பார்ட்டிஷன் டேபிள் போட்டு, காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து, கூட்டல் குறியை அழுத்தி மூன்று பார்ட்டிஷன் (டிஸ்க்கின் தனிப் பிரிவு) உருவாக்குங்கள். 512 எம்பிக்கு இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் (பூட் ஆவதற்கு), 8 ஜிபிக்கு ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் இடம்), மீதி முழுவதும் ரூட் (சிஸ்டமும் உங்கள் கோப்புகளும் இருக்கும் இடம்). ரூட்டுக்கு ‘யூஸ் ஆஸ்’ பட்டியலில் பிடிஆர்எஃப்எஸ், மவுன்ட் பாயின்ட் வெறும் ‘/’.

ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் எதற்கு என்று கேட்பீர்கள். ஸ்வாப் ஃபைல் ரூட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தால் பிடிஆர்எஃப்எஸ் அந்த சப்வால்யூமை (பார்ட்டிஷனுக்குள் இருக்கும் உட்பிரிவு) ஸ்னாப்ஷாட் எடுக்க விடாது. உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோமுக்கு மட்டும் தனிப் பார்ட்டிஷன் வேண்டாம். இன்ஸ்டாலர் தானாகவே சிஸ்டத்துக்கு ‘@’, ஹோமுக்கு ‘@ஹோம்’ என்று இரண்டு சப்வால்யூம் உருவாக்கிவிடும், இருக்கிற இடத்தை இரண்டும் பகிர்ந்துகொள்ளும். டைம்ஷிஃப்ட் எதிர்பார்ப்பதும் இந்த அமைப்பைத்தான்.

மின்ட் ஏறியதும், அப்டேட் எதுவும் போடுவதற்கு முன்னால், டைம்ஷிஃப்டைத் திறந்து ஆர்சிங்குக்கு (கோப்புகளை நகலெடுக்கும் முறை) பதில் பிடிஆர்எஃப்எஸ் தேர்ந்தெடுங்கள். தினசரி 5, வாரம் 3 என்று வைத்தால் போதும், அதற்கு மேல் சேர்த்தால் பழைய ஸ்னாப்ஷாட்கள் பிடித்துவைத்திருக்கிற இடம் மெல்ல மெல்ல ஏறும். ‘@ஹோம்’ சேர்க்கவா என்று கேட்கும், சேர்க்காதீர்கள். சேர்த்துவிட்டு பின்னொரு நாள் சிஸ்டத்தை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுபோக நினைத்தால், நேற்று எழுதிய ஆபீஸ் ஃபைலும் கூடவே பின்னால் போய்விடக்கூடும்.

அன்றைக்கே ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, ஏதாவது சின்ன சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டு, ‘ரீஸ்டோர்’ கொடுத்து ரீபூட் செய்தால் அந்த சாஃப்ட்வேர் காணாமல் போயிருக்க வேண்டும். வால்பேப்பரை மாற்றிச் சோதிக்காதீர்கள், அந்த அமைப்பு ஹோமில் இருப்பதால் அப்படியேதான் நிற்கும். கெர்னலும் ‘@’க்குள்ளேயே இருக்கிறது, அதனால் கெர்னல் அப்டேட் சொதப்பினாலும் இதே வழிதான். சிஸ்டம் பூட்டே ஆகவில்லை என்றால் அதே பென் டிரைவில் பூட் செய்து, அதில் உள்ள டைம்ஷிஃப்டில் உங்கள் டிஸ்க்கைக் காட்டி ரீஸ்டோர் செய்யலாம். அதனால் அந்தப் பென் டிரைவை அழித்துவிடாமல் பையில் வையுங்கள்.

ஸ்னாப்ஷாட் எல்லாம் அதே எஸ்எஸ்டியில்தான் கிடக்கிறது. எஸ்எஸ்டி போனால் அவையும் போகும். போட்டோ, சர்டிஃபிகேட், ஆபீஸ் வேலை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.