ஐநோடு தீர்ந்த சர்வர்: கேச் கோப்புகளைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"டிஸ்க்கில் இடமில்லை" என்று லாக்கில் பிழை. லினக்ஸில் டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளையோ 40% காலி என்கிறது. உடனே பெரிய கோப்புகளைத் தேடி அழிப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. தீர்ந்தது ஜிகாபைட் அல்ல, ஐநோடு, அதாவது ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் குறித்து வைக்கும் பதிவு. கோப்பு 200 பைட்டோ 2 ஜிபியோ, ஒன்றுக்கு ஒரு ஐநோடு போகும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 (ext4) கோப்பு முறைமையில் வழக்கமாக 16 கேபி இடத்துக்கு ஒன்று என்ற கணக்கு. 100 ஜிபி பார்ட்டிஷனில் சுமார் 65 லட்சம். ஃபார்மேட் செய்யும்போதே இந்த எண்ணிக்கை முடிவாகிவிடும். பிறகு பார்ட்டிஷனைப் பெரிதாக்கினால்தான் கூடும்.

டிஎஃப்-ஐ 'ஐ' ஆப்ஷனோடு (df -i) ஓட்டுங்கள். 100% என்று வந்தால், டியூ கட்டளையில் 'ஐநோட்ஸ்' ஆப்ஷன் கொடுத்து (du --inodes) எந்த டைரக்டரி தின்கிறது என்று பாருங்கள். இங்கே அது கேச் டைரக்டரி, அதாவது மறுபடி பயன்படுத்த எடுத்து வைத்த நகல் கோப்புகளின் இடம். ஐநோடு மீதமிருந்து, கோப்புகளை அழித்தும் டிஎஃப்-இல் இடம் கூடவில்லை என்றால், அழித்த கோப்பை ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கலாம், திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளை காட்டிக்கொடுக்கும். கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் கெர்னல் வசதியான ஐநோட்டிஃபை (inotify)-இன் வாட்ச் வரம்பு தாண்டினாலும் இதே வாசகம்தான் வரும், டிஸ்க்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல்!

கெர்னலின் 'ட்ராப் கேச்சஸ்' வசதியை இதற்கு மருந்தாக நினைப்பது வீண் வேலை. அது நினைவகத்தில் உள்ள கேச்சை விடுவிக்கும். டிஸ்க்கில் ஒரு கோப்பும் குறையாது.

அழிக்கும்போதுதான் கூடுதல் சேதம் நடக்கிறது. கோப்பை அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளைக்கு நட்சத்திரக் குறி கொடுத்தால், ஷெல் லட்சக்கணக்கான பெயர்களையும் விரித்து ஒரே வரியில் தள்ளப் பார்க்கும். "ஆர்க்யுமென்ட் பட்டியல் மிக நீளம்" என்று நின்றுவிடும். ஃபைண்ட் கட்டளையின் 'டெலீட்' ஆப்ஷனே (find -delete) சரி. ஆனால் முழு டைரக்டரியையும் அப்படியே அழிக்க விட்டால் மணிக்கணக்கில் ஓடலாம், அப்ளிகேஷனும் இந்தப் பக்கம் எழுதிக்கொண்டே இருக்கும். முதலில் பழைய கோப்புகளில் சில ஆயிரத்தை மட்டும் அழியுங்கள். ஒரு ஐநோடுகூட இல்லாவிட்டால் புது டைரக்டரியே உருவாகாது. அடுத்து கேச் டைரக்டரியின் பெயரை அதே பார்ட்டிஷனுக்குள் மாற்றி, பழைய பெயரில் அதே உரிமையாளர், அதே அனுமதிகளோடு காலி டைரக்டரி ஒன்றை வையுங்கள். பெயர் மாற்றியதை, டிஸ்க் வேலைக்கு முன்னுரிமையைக் குறைக்கும் அயனைஸ் (ionice) போட்டு நிதானமாக அழிக்கலாம். பயனர்களின் லாகின் நிலையை வைத்திருக்கும் செஷன் கோப்புகளும் அங்கேயே கிடக்கின்றனவா என்று முன்பே பார்த்துவிடுங்கள். போனால் எல்லாப் பயனரும் லாக்அவுட்.

இதோடு நிறுத்தினால் அடுத்த மாதம் மீண்டும் நிரம்பும். காலாவதி நேரம் வைத்திருக்கிறோமே என்பது பொய்யான தைரியம். பல கோப்புவழிக் கேச்கள் காலாவதியை, அந்தக் கீயை (கேச்சில் ஒன்றைத் தேட உதவும் அடையாளப் பெயரை) மறுபடி படிக்கும்போது மட்டுமே சோதிக்கும். யாரும் திரும்பக் கேட்காத கீ அப்படியே கிடக்கும். விளம்பர இணைப்புகளின் ட்ராக்கிங் அளவுருக்கள் கீயில் கலந்தால், ஒரே பக்கத்துக்கு ஆயிரம் கோப்புகள் பிறக்கும், ஒன்றும் மறுமுறை பயன்படாது. அவற்றைக் கீயிலிருந்து நீக்குங்கள். பழையதைத் துடைக்க, குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு க்ரான் (cron) வேலையும் வையுங்கள்.

என்ஜின்எக்ஸ் (nginx) வெப் சர்வரின் கேச்சில் 'மேக்ஸ் சைஸ்' பைட்டைத்தான் எண்ணும், கோப்பை அல்ல. கோப்பு எண்ணிக்கைக்கு உச்சவரம்பு, கீகளை நினைவகத்தில் வைக்கும் 'கீஸ் ஜோன்' அளவுதான்: 1 எம்பிக்குச் சுமார் 8,000 கீ. 100 எம்பி கொடுத்தால் 8 லட்சம் கோப்புகள் வரை போகும் என்று கணக்குப் போட்டு, டிஎஃப் காட்டும் ஐநோடு எண்ணிக்கையோடு ஒப்பிட்டு அளவை வையுங்கள்.