மேல் வீட்டுத் தண்ணீர் கீழ் வீட்டில் இறங்கினால் செலவு யாருடையது?

குளியலறை சீலிங்கில் மஞ்சள் கறை தெரிந்ததும் பெயிண்ட் அடித்து மறைத்துவிடாதீர்கள். அந்தக் கறைதான் உங்கள் சாட்சி. அதன் ஓரத்தைப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிப் படம் எடுங்கள். இரண்டு மூன்று நாளில் ஈரம் கோட்டைத் தாண்டினால் ஒழுக்கு இன்னும் நடக்கிறது. விளக்குக்குப் பக்கத்தில் சொட்டுகிறது என்றால், வேறு எதையும் செய்வதற்கு முன் அந்த விளக்கின் சுவிட்சை மெயின் பெட்டியில் இறக்கிவிடுங்கள்.

பிறகு மேல் வீட்டுக்காரரைக் கீழே அழைத்துக் காட்டுங்கள். “அண்ணே, எங்க பாத்ரூம் சீலிங்ல தண்ணி எறங்குது, ஒரு தடவ வந்து பாருங்க” என்று சொன்னால் போதும். தன் தரை வழியே நீர் இறங்குவது பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நிபோங் தெபால், சுங்கை பாக்காப் பக்கத்து மலிவு விலை ஃப்ளாட்டுகளில் ஒரே தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல மேலும் கீழும் குடியிருக்கின்றன. வாய்ச்சண்டையில் தொடங்கிவிட்டால், சோதனைக்குக் கதவு திறக்கவே மாதக்கணக்காகிவிடும்.

எப்போது ஒழுகுகிறது என்பதைக் குறித்து வையுங்கள். இரவு பகல் நிற்காமல் சொட்டினால் தண்ணீர் வரும் பைப்பில் கசிவு. மேல் வீட்டில் எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு அரை மணி நேரம் மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் அது உறுதி. குளித்த பிறகு மட்டும் ஒழுகினால் தரை, ஃப்ளோர் டிராப் (தரையில் தண்ணீர் இறங்கும் வாய்), கழிவுக் குழாய் மூன்றில் ஒன்று. மழை பெய்தால் மட்டும் என்றால் வெளிச்சுவரையோ மொட்டை மாடியையோ பார்க்க வேண்டும். அதற்காக மேல் வீட்டுக்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை.

தரையில் சந்தேகம் இருந்தால் நீர் தேக்கிப் பார்ப்பதே சரியான சோதனை. ஃப்ளோர் டிராப்பை பிளாஸ்டிக் பையில் சுற்றிய துணியால் இறுக்கி அடையுங்கள். வாசற்படியைத் தாண்டாத அளவுக்கு 25 மில்லிமீட்டர் தண்ணீர் விட்டு, சுவரில் மட்டத்தைக் குறித்து, 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கிக் கீழே ஈரம் கூடினால் தரையின் வாட்டர்ப்ரூஃபிங் போய்விட்டது. மட்டம் அப்படியே இருந்து, அடைப்பை எடுத்துத் தண்ணீரை இறக்கும்போது கீழே சொட்டினால், கோளாறு டிராப்புக்குக் கீழே உள்ள குழாயிலோ அதன் இணைப்பிலோ இருக்கிறது. சீலிங் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தால் இந்தச் சோதனை வேண்டாம்.

இனி சட்டம். வீடு 99 வருட பஜாக்கான் (குத்தகை நிலம்) என்பதால் ஒழுக்கு அரசாங்கத்தின் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பஜாக்கானோ நிரந்தர நிலமோ, ஸ்ட்ராடா (ஒரே கட்டடத்தில் தனித்தனிப் பட்டா உள்ள) வீடுகளுக்கு 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராடா நிர்வாகச் சட்டம் (சட்டம் 757) ஒன்றுதான். வாடகைக்கு விடப்பட்ட பி.பி.ஆர். (அரசின் மக்கள் வீடமைப்புத் திட்ட) வீடு மட்டும் வேறு. அங்கே வீட்டின் சொந்தக்காரரான அரசுத் தரப்பிடம்தான் புகார் போக வேண்டும்.

அந்தச் சட்டத்தின் 142ஆம் பிரிவு கீழ் வீட்டுக்காரருக்குப் பெரிய துணை. வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை, கோளாறு ஒழுகும் இடத்துக்கு மேலே உள்ள வீட்டிலோ பொது இடத்திலோதான் இருக்கிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று காட்டும் பாரம் மேலே இருப்பவர் மேல். குழாய் என்றால் அது யாருக்குப் பயன்படுகிறது என்று பாருங்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் ஓடும் பைப், உங்கள் சீலிங்குக்குள் தெரிந்தாலும் அந்த வீட்டுக்காரர் பொறுப்பு. இரண்டோ அதற்கு மேலோ வீடுகளுக்குப் பொதுவான குழாய், ஒருவர் வீட்டுக்குள் ஓடினாலும் நிர்வாகத்தின் பொறுப்பு.

வாயால் சொன்ன புகாருக்கு மதிப்பில்லை. அடுக்குமாடியின் நிர்வாகமான ஜே.எம்.பி. (கூட்டு நிர்வாகக் குழு) அல்லது எம்.சி.க்கு (நிர்வாகக் கழகம்) “கெபோச்சோரான் அந்தாரா திங்காட்” (மாடிகளுக்கு இடையே ஒழுக்கு) என்று தலைப்பிட்டுக் கடிதம் எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். அன்றிலிருந்து 7 நாளுக்குள் அவர்கள் வந்து சோதிக்க வேண்டும். சோதனை முடிந்த 5 நாளுக்குள் போராங் (படிவம்) 28 தர வேண்டும். காரணம் என்ன, பொறுப்பு யார் என்பது அதில் இருக்கும். இந்தத் தாளைக் கையில் வாங்காமல் விடாதீர்கள், பின்னால் எங்கே போனாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். பொறுப்பானவர் அது கிடைத்த 7 நாளுக்குள் பழுதுபார்க்க வேண்டும். செய்யாவிட்டால் நிர்வாகமே செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம். சோதனைக்கு வீட்டைத் திறக்க மறுப்பது குற்றம்: 50,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

நிர்வாகம் அசையவில்லை என்றால் ஊராட்சி மன்றத்தின் சி.ஓ.பி.யிடம் (கட்டட ஆணையர்) போங்கள், நிபோங் தெபாலுக்கு அது செபராங் பிறை மாநகர் மன்றம். சாவி வாங்கி 24 மாதம் ஆகாத புது வீடு என்றால் மேம்பாட்டாளருக்கும் கடிதம் கொடுங்கள், கட்டுமானக் குறையை அவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.

கெட்டுப்போன அலமாரி, சீலிங் ஆகியவற்றுக்கான நஷ்டம் தனிக் கணக்கு. ஒழுக்கு நின்ற பிறகு பழுதுபார்க்கும் இரண்டு குத்தகையாளர்களிடம் எழுத்தில் விலை வாங்கி, ரசீது, படங்களோடு பொறுப்பானவரிடம் கொடுங்கள். மறுத்தால் ஸ்ட்ராடா நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும், பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம்.

பழுதுபார்ப்பதில் அடிக்கடி நடக்கும் தவறு, கீழிருந்து ஓட்டை போட்டு பி.யூ. மருந்து (விரிசலை அடைக்கும் பாலியூரித்தேன்) ஏற்றிவிட்டுப் போவது. பைப் கசிவுக்கு அது உதவாது. தரை கெட்டிருந்தால் தண்ணீர் வேறு விரிசலைத் தேடிக்கொள்ளும். மேலே டைல்ஸை உடைத்து, ஃப்ளோர் டிராப்பைச் சுற்றி நன்றாக அடைத்து, வாட்டர்ப்ரூஃபிங்கை இரண்டு பூச்சாக, சுவரில் குறைந்தது 150 மில்லிமீட்டர் ஏற்றிப் பூச வேண்டும். காய்ந்ததும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், இன்னொரு முறை 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். அப்போது இரு வீட்டுக்காரரும் உடன் இருந்து, சீலிங் காய்ந்திருப்பதை ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அதற்குப் பிறகே குத்தகையாளருக்கு மீதிப் பணம்.