பிடிபட்டு வெளியே வரும் பிள்ளையிடம் என்ன சொல்வது? இளம் வீரர்களைப் பயிற்றுவிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிகளுக்கிடையேயான குறுவட்டப் போட்டிகள் நெருங்கும் மாதங்களில் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் எந்தப் பள்ளித் திடலுக்குச் சென்றாலும், கோட்டருகே நிற்கும் பயிற்றுநரின் குரலே முதலில் காதில் விழும். அந்தக் குரலில் அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அது எந்த நேரத்தில் எதைச் சொல்கிறது என்பதைப் பொறுத்தே பிள்ளையின் தன்னம்பிக்கை வளர்கிறது அல்லது குலைகிறது.

பிழை நடந்த அதே கணத்தில், எல்லார் முன்னிலையிலும் திட்டுவதுதான் மிகப் பெரிய தவறு. கபடியில் பாடிச் செல்லும் சிறுவனுக்குக் கிடைப்பது 30 வினாடி. கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைத் தாண்டக் காலை நீட்டும்போது எதிரணியில் மூலையில் நிற்பவன் கணுக்காலைப் பிடித்துவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். செம்மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வரும்போதே தன் பிழை என்னவென்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அப்போது "எத்தனை தடவைடா சொல்றது?" என்று கத்தினால், அடுத்த முறை பாடிப் போகையில் அவன் கண் எதிரணியின் கைகளை விட்டுவிட்டுப் பயிற்றுநரின் முகத்தையே தேடும். போனஸுக்குத் துணியாமல் நடுக்கோட்டருகிலேயே நின்று திரும்பும் பிள்ளைகள் பலர் இப்படித்தான் உருவாகிறார்கள். துணிந்ததைப் பாராட்டிவிட்டு, "மூலையில் நிற்பவனின் கையைப் பார்த்துவிட்டுக் காலை நீட்டு" என்று ஒரே ஒரு திருத்தம் சொன்னால் போதும். தோற்றதற்குத் தண்டனையாகத் திடலைப் பத்துச் சுற்று ஓடவிடுவதும் இதே வகைதான். ஓட்டத்தைத் தண்டனையாக்கிவிட்டு, பிறகு அதே பிள்ளை ஓட்டத்தை விரும்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்கு விளங்குவதில்லை.

இத்தகைய தவறு நீடிப்பதற்குக் காரணம், பயிற்றுநர் தம் சொல்லைத் தாமே கேட்பதில்லை என்பது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு ஸ்மித், பிராங்க் ஸ்மால் ஆகியோர் 1970களில் சிறுவர் பேஸ்பால் பயிற்றுநர்களைக் கூர்ந்து கவனித்தபோது, பயிற்றுநர்கள் தம்மைப் பற்றிச் சொன்னதைவிடப் பிள்ளைகள் அவர்களைப் பற்றிச் சொன்னதே திடலில் நடந்ததோடு நெருங்கி நின்றது. ஊக்கமூட்டிப் பேசவும் திருத்தவும் பயிற்றுநர்களுக்குக் கற்பித்துப் பார்த்த ஆய்வொன்று 1992இல் வெளியானது. கற்காத பயிற்றுநர்களின் கீழ் ஆடிய பிள்ளைகளில் 26 விழுக்காட்டினர் அடுத்த பருவத்துக்குத் திரும்பவில்லை. கற்றவர்களிடம் அது 5 விழுக்காடுதான். இத்தனைக்கும் வெற்றி தோல்விக் கணக்கில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. ஒரு நாள் பயிற்சி முழுவதையும் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, இரவில் தனியே கேட்டுப் பார்ப்பது நம் ஊர்ப் பயிற்றுநர் எவருக்கும் இயலும்.

திட்டாதவர்கள் செய்யும் தவறு வேறு. "உனக்குப் பிறவியிலேயே ஓட்டம் இருக்கிறது" என்று புகழ்ந்தால், தோற்ற அன்று அந்தப் பிள்ளை அந்தப் பிறவித் திறமையையே சந்தேகிக்கும். அறிவுக்காகப் புகழப்பட்ட குழந்தைகள் முதல் தோல்விக்குப் பின் தளர்ந்ததையும், முயற்சிக்காகப் புகழப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றதையும் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் ஆகியோர் 1998இல் காட்டினர். அது புதிர்களை வைத்துச் செய்த ஆய்வு என்றாலும், திடலிலும் நாம் காண்பது அதைத்தான்.

ஒப்பிடுவது அடுத்த தவறு. 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் தோளளவே நிற்பான். பெண்கள் சராசரியாக 12 வயதையொட்டியும் ஆண்கள் 14 வயதையொட்டியும் வேகமாக உயர்கிறார்கள். அதிலும் ஆளுக்கு ஆள் ஓரிரு ஆண்டுகள் முன்பின்னாகும். "அவனைப் பார்" என்று சொல்வது, பெரும்பாலும் உடல் முந்திக்கொண்டதைத் திறமையென்று எண்ணி ஏமாறுவதே. இப்பகுதி வணிகச் சமூகத்தாரான நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்திய காலத்தில், கடைநிலையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவனை யாரும் முதல் நாளே கடையை நடத்தும் மேலாளோடு ஒப்பிட்டதில்லை. மேலாளுக்கு அடுத்த நிலையிலிருக்கும் அடுத்தாளாகிப் படிப்படியாகத்தான் உயர்ந்தான். கணக்கெழுதிப் பழகிய இந்த மண்ணில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு பேரேடு வைத்து, போன மாத ஓட்ட நேரத்தையும் இந்த மாத நேரத்தையும் அதன் கையாலேயே எழுதச் செய்யலாம். தான் செய்து முடித்ததைக் கண்ணால் பார்க்கும் பிள்ளைக்கு வேறு சான்று தேவைப்படாது.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. சிவகங்கையில் வருவாய் மாவட்டப் போட்டியில் தோற்ற பிள்ளையை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, வீடு வரும் வரை ஆட்டத்தை அலசாதீர்கள். பசிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுப்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.