பழைய ராணுவ முகாமைக் கிராமமாக மாற்ற: கிராண்ட், மண், நீர், அதன் பிறகு வீடு

வீட்டு வரைபடத்தை விரிப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும். நிலத்தின் கிராண்ட், அதாவது உரிமைப் பத்திரம், யார் பெயரில் இருக்கிறது? மண்ணுக்குள் என்ன கிடக்கிறது? மழைநீர் எங்கே போகும்? இந்த வரிசையை மாற்றிச் செய்த திட்டங்களில் வீடு பாதி எழும்பிய பிறகு வேலை நின்றுபோகும், போட்ட பணமும் அங்கேயே முடங்கும்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில் சுமார் 20 ஹெக்டர் பழைய முகாமில் 120 குடும்பங்களைக் குடியேற்ற நினைக்கும் ஒரு கூட்டுறவுக் கழகத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். சிலாங்கூர், பேராக் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பதால் கட்டணமும் படிவமும் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

கிராண்ட்

தோட்டத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தும் கையில் ஒரு துண்டு கிராண்ட் இல்லாமல் வெளியேறிய குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இன்னொருவர் நிலத்தில் நின்றதால் வந்த வேதனையும் நமக்குத் தெரியும். அது திரும்ப நடக்கக் கூடாது.

முகாம் நிலம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். மத்திய நில ஆணையர் பெயரில் கிராண்ட் இருக்கலாம். அல்லது தேசிய நிலச் சட்டம் 62-ஆம் பிரிவின்படி பொதுத் தேவைக்கென அரசிதழில் ஒதுக்கிய மாநில நிலமாக இருக்கலாம். முதல் வகையை மாவட்ட நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல் போட்டுக் கண்டுபிடிக்கலாம். இரண்டாம் வகைக்கு அரசிதழ் எண்ணையும் அதோடு சேர்ந்த வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். ஒரே முகாமில் இரண்டும் கலந்திருப்பது உண்டு. எனவே வேலியை எல்லை என்று நம்பாமல் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லைக் கற்களைக் கண்டெடுங்கள்.

ஒதுக்கீட்டு நிலமாக இருந்தால், ராணுவம் காலி செய்துவிட்டது என்பதால் மட்டும் அது வீட்டு நிலம் ஆகிவிடாது. மத்திய அரசு தேவையில்லை என்று விட்டுக்கொடுக்க வேண்டும். 64-ஆம் பிரிவின்படி விசாரணை நடந்து ஒதுக்கீடு நீங்க வேண்டும். அதன் பிறகே மாநில ஆட்சிக்குழு நிலத்தை உங்கள் கழகத்துக்கு வழங்க முடியும். ஒப்புதல் வந்ததும் பிரீமியம், அதாவது நிலத்துக்கான கட்டணம், கட்டச் சொல்லி 5ஏ படிவம் வரும். அதில் குறித்த காலத்துக்குள் முழுத்தொகையும் கட்டாவிட்டால் ஒப்புதல் காலாவதியாகும். பல சங்கங்கள் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஒப்புதல் வந்த பிறகு வங்கியைத் தேடினால் நேரம் போதாது. கடன் உறுதிக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

இடைக்காலத்துக்கு டிஓஎல் எனும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் தருகிறோம் என்று யாராவது சொன்னால், கொட்டகை போடவும் காய்கறி பயிரிடவும் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த உரிமம் ஆண்டு முடிவோடு முடியும். அதை நம்பி வீடோ கோயிலோ கட்டவே வேண்டாம்.

மண்ணுக்குள் இருப்பது

முகாம் நிலம் பார்வைக்குப் பசுமையாகவே இருக்கும். அழுக்கு சில இடங்களில் மட்டும் கட்டியாகக் கிடக்கும். அந்த இடங்களைக் கண்டுபிடித்துவிட்டால் மீதி நிலத்தை நிம்மதியாகப் பயன்படுத்தலாம்.

முதலில் காகித வேலை. பழைய நில அளவை வரைபடங்களையும் வான்வழிப் படங்களையும் பத்தாண்டுக்கு ஒன்றாவது கிடைக்கும்படி சேகரியுங்கள். பிறகு அந்த முகாமில் சலவை, சமையல், பட்டறை, புல்வெட்டு வேலை பார்த்த பெரியவர்களை நிலத்துக்கே அழைத்துவந்து நடக்கச் சொல்லுங்கள். கழிவு எண்ணெயை எங்கே ஊற்றினார்கள், குப்பையை எந்தக் குழியில் எரித்தார்கள் என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது.

வரைபடத்தில் சிவப்பு வட்டம் போட வேண்டிய இடங்கள்: நிலத்தடி எரிபொருள் தொட்டி, வாகனப் பட்டறை, வாகனம் கழுவிய தளம், சுடுதளம், தீயணைப்புப் பயிற்சிக் குழி, டிரான்ஸ்ஃபார்மர் அறை, ஆயுதக் கிடங்கு, பூச்சிமருந்துக் கொட்டகை, குப்பைக் குழி.

எரிபொருள் தொட்டியைச் சுற்றி மாதிரி எடுக்கும்போது மேல்மண், 1 மீட்டர் ஆழம், நிலத்தடி நீர் தொடங்கும் மட்டம் ஆகிய மூன்றிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். எண்ணெய் நீர்மட்டத்தில் போய்ப் படரும், ஆகவே மேல்மண் சுத்தமாக இருப்பது எதையும் நிரூபிக்காது. நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று அறியக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் தேவை. அவை ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது. செலவை மிச்சப்படுத்த ஐந்து இடத்து மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பச் சொல்லும் ஆலோசகரை ஏற்காதீர்கள். ஓரிடத்து நஞ்சு மற்ற நான்கோடு கலந்து அறிக்கையில் மறைந்துவிடும்.

சுற்றுச்சூழல் துறை 2009-இல் வெளியிட்ட மாசுநில வழிகாட்டியில் குடியிருப்பு மண்ணுக்கு ஓர் அளவும் தொழிற்சாலை மண்ணுக்கு ஓர் அளவும் உண்டு. ஆய்வக அறிக்கை எந்த அளவோடு ஒப்பிடப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். தொழிற்சாலை அளவோடு ஒப்பிட்டு "தேறியது" என்று எழுதிய அறிக்கை உங்கள் குழந்தைகள் விளையாடப்போகும் மண்ணுக்கு உதவாது.

சுடுதளத்தில் இலக்குக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் ஈயம் நிறைந்திருக்கும். குண்டுகளைச் சலித்து எடுத்தாலும் நொறுங்கிய ஈயத்தூள் மண்ணோடு கலந்தே இருக்கும். அந்த மேட்டைச் சரித்துப் பள்ளம் நிரப்புவதுதான் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு, ஒரு மூலையில் இருந்த ஈயம் கிராமம் முழுக்கப் பரவிவிடும். தீயணைப்புப் பயிற்சிக் குழியில் வேறொரு சிக்கல். பழைய நுரையில் இருந்த பிஃபாஸ் வேதிப்பொருள்கள் மண்ணில் சிதைவதில்லை. நீரைக் கொதிக்க வைத்தாலும் போகா. ஆகவே இந்த வட்டங்களுக்கு அருகில் கிணறு வெட்டக் கூடாது என்பதைப் பொதுக்குழுத் தீர்மானத்தோடு நிறுத்தாமல் கிராண்டின் நிபந்தனையாகவே எழுதக் கேளுங்கள்.

எண்ணெய் ஊறிய மண்ணையும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கழிவையும் சாதாரணக் குப்பைக் கிடங்குக்கு அனுப்புவது குற்றம். 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு (அபாயகரமான கழிவு) விதிகளில் முன்னதற்கு எஸ்டபிள்யூ 408, பின்னதற்கு எஸ்டபிள்யூ 201 என்று குறியீடு உண்டு. உரிமம் பெற்ற வாகனம் ஏற்றியதற்கும் உரிமம் பெற்ற இடம் பெற்றுக்கொண்டதற்கும் சீட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். சீட்டு இல்லாமல் "எடுத்துவிட்டோம்" என்று சொல்லும் குத்தகையாளருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வெடிக்காத குண்டைப் பற்றி அலட்சியம் வேண்டாம். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீதும் பட்டர்வொர்த் விமானத் தளத்தின் மீதும் குண்டு வீசின. மென்மையான மண்ணில் விழுந்த குண்டு பல மீட்டர் ஆழம் இறங்கியிருக்கும். மண்ணுக்குள் இரும்பைக் காட்டும் காந்தமானியைக் கொண்டு மேலே நடந்தபடி எடுக்கும் ஆய்வுக்கு அது தென்படாது. சந்தேகமுள்ள பகுதியில் பைலிங் எனும் அடித்தளத் தூண்களை இறக்குவதற்கு முன் துளையிட்டு, காந்தமானியைத் துளைக்குள் இறக்கிப் பார்க்க வேண்டும். பழைய ஆணி, தகரம், கம்பி எல்லாமே பொய்யான சமிக்ஞை தரும், அதனால் மேல்மட்டத்து இரும்பை முதலில் பொறுக்கி எடுத்துவிட்டு ஆய்வு நடத்துங்கள். எதாவது தென்பட்டால் தொடாமல், நகர்த்தாமல், தண்ணீர் ஊற்றாமல் எல்லாரும் வெளியேறி 999-ஐ அழையுங்கள். காவல்துறையின் வெடிகுண்டுப் பிரிவு வரும்வரை யாரும் திரும்பிப் போகக் கூடாது. அமெரிக்காவின் ஃபோர்ட் ஆர்ட் முகாம் 1994-இல் மூடப்பட்டது. அங்கே வெடிபொருள் அகற்றும் வேலை பல பத்தாண்டுகளாக நீண்டது. உங்கள் நிலம் சிறியதுதான், ஆனால் கால அட்டவணையில் இதற்கு ஒரு தனி வரி இருக்கட்டும்.

எதை இடிப்பது, எதை வைத்துக்கொள்வது

பினாங்கின் குளுகோரில் இருந்த மிண்டன் முகாம்தான் 1971 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வளாகம். முகாம் கட்டடங்களை இடிக்காமலே ஒரு பல்கலைக்கழகம் தொடங்க முடிந்தது. ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் பிரெஞ்சு ராணுவம் 1992-இல் விட்டுப்போன வௌபான் முகாமிலும் சில பாசறைகளைக் குடியிருப்பாக்கி, மீதி நிலத்தில் குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்து வீடு கட்டின. எனவே உணவுக்கூடத்தையும் ஒன்றிரண்டு பாசறைகளையும் மண்டபம், பாலர் பள்ளி, மருந்தகம் என்று மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள்.

கூரை கல்நார்த் தகடாக இருந்தால் அதை உடைக்காமல், நனைத்து, ஆணியைக் கழற்றி முழுத் தகடாக இறக்க வேண்டும். தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி, எச்சரிக்கை ஒட்ட வேண்டும். துளையிடும் இயந்திரமோ அறுக்கும் சக்கரமோ கூரைக்குப் பக்கத்தில் வரக் கூடாது. பழைய நீர்க்குழாய்களும் கல்நார்ச் சிமெண்டாக இருக்க வாய்ப்புண்டு, தோண்டும்போது கவனம் தேவை. கான்கிரீட் தளங்களை நொறுக்கிச் சாலை அடித்தளமாகப் போடலாம். எரிபொருள் நிரப்பிய இடத்துத் தளத்தை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பாமல் பயன்படுத்தாதீர்கள்.

நீரும் வடிகாலும்

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் பெருவெள்ளம் கொண்டுவந்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செபராங் பிறையின் தாழ்வான பகுதிகளில் கடல் களிமண் ஆழமாக இருக்கும், நீர்மட்டமும் மேலேயே நிற்கும். அங்கே நிலத்தை உயர்த்த 1 மீட்டர் மண் போட்டால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1.8 முதல் 2 டன் சுமை ஏறுகிறது. களிமண் அதைத் தாங்காமல் ஆண்டுக்கணக்கில் அமுங்கும். வீடு பைலிங் மேல் நிற்பதால் அசையாது. வீட்டைச் சுற்றிய சிமெண்டுத் தளமும் வடிகாலும் கழிவுக் குழாயும் மண்ணோடு கீழே போகும். குழாய் சுவரை விட்டு வெளியேறும் இடத்திலேயே முறியும். இதைத் தடுக்க மண்ணைப் போட்டுக் காத்திருந்து, அமுக்கத்தைக் கம்பத்தில் அளந்து, அது அடங்கிய பிறகு கட்ட வேண்டும். அவசரம் என்றால் செங்குத்து வடிகால் பட்டைகளைப் பதித்து, கூடுதல் மண் சுமை ஏற்றி விரைவுபடுத்தலாம். சுவரை ஒட்டிய குழாய்க்கு வளையும் இணைப்புப் போடுங்கள்.

வெள்ளநீர்க் குளத்துக்கு நிலத்தில் 3 முதல் 5 விழுக்காடு ஒதுக்குவது வழக்கம். நிலத்தின் மிகத் தாழ்ந்த மூலையே குளத்துக்குரியது. "அங்கே நான்கு வீடு வரும்" என்று யாராவது கணக்குப் போட்டால் விடாதீர்கள்.

கழிவுநீருக்கு வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் என்று கணக்கிடுவார்கள். 120 வீட்டுக்கு 135,000 லிட்டர். இதற்கு வீட்டுக்கு வீடு மலத்தொட்டி போதாது, சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். வீடுகளிலிருந்து 30 மீட்டர் இடைவெளி விடுங்கள்.

முகாமுக்கு ஒரே மின்மீட்டரும் ஒரே தண்ணீர் மீட்டரும்தான் இருந்திருக்கும். கம்பியும் குழாயும் இருக்கின்றன, செலவு மிச்சம் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வீடு மீட்டர் என்றால் அத்தனையும் புதிதாக இழுக்க வேண்டும்.

வரைபடம்

முகாம் என்பது வெளியாரைத் தடுக்கவே அமைக்கப்பட்டது. ஒரு வாசல், சுற்றிலும் வேலி. கிராமத்துக்கு அது ஆகாது. வாசல் வெள்ளத்தில் மூழ்கினாலோ மரம் விழுந்தாலோ ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாது. வேறு திசையில் இரண்டாவது வழி கட்டாயம். வேலியை எடுத்துவிட்டுப் பக்கத்துக் கிராமத்தோடு நடைபாதையாவது இணையுங்கள். கடையும் பள்ளியும் அவர்களும் வந்தால்தான் நிலைக்கும்.

20 ஹெக்டரை இப்படிப் பிரிக்கலாம். 400 சதுர மீட்டரில் 120 மனைக்கு 4.8 ஹெக்டர். சாலைக்கும் வடிகாலுக்கும் 4. சந்தேகமுள்ள மண்ணை மரம் மட்டும் வளர்க்க ஒதுக்க 4. பொதுத் திடலுக்கு 2, அதாவது 10 விழுக்காடு. குடும்பத்துக்கு 200 சதுர மீட்டர் தோட்டத்துக்கு 2.4. குளத்துக்கு 1. மீதி 1.8 ஹெக்டரில் கோயில், மண்டபம், கடை, பட்டறை, சுத்திகரிப்பு நிலையம், மின் துணைநிலையம். கோயில் நிலத்தை "முஸ்லிம் அல்லாதார் வழிபாட்டு இடம்" என்று முதல் வரைபடத்திலேயே குறிக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது திடலிலோ வடிகால் ஓரத்திலோ முளைக்கும், நாளை அதை இடிக்கச் சொல்லிக் கடிதம் வரும்.

தோட்டத்து மண்ணை வீட்டு மண்ணைவிடக் கடுமையாகச் சோதியுங்கள். கீரையும் மரவள்ளியும் மண்ணில் இருப்பதை உறிஞ்சும். சந்தேகம் இருந்தால் நீர் புகும் துணி விரித்து, மேலே 45 சென்டிமீட்டர் சுத்தமான மண் போட்டுப் பாத்தி கட்டுங்கள். முருங்கை போன்ற மரங்களின் வேர் அதையும் தாண்டும், அங்கே நட வேண்டாம்.

பணமும் ஒப்படைப்பும்

1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டத் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது. சிறு தொகை சேர்ந்தால் நிலமாகும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கழகத்தின் பெயரில் கிராண்ட் பதிவாகும்வரை உறுப்பினரிடம் பங்குப் பணம் மட்டும் வாங்குங்கள், வீட்டு முன்பணம் வாங்காதீர்கள். நான்கு வீட்டுக்கு மேல் கட்டி விற்பதற்கு வீட்டு மேம்பாட்டு உரிமம் தேவை. 120 வீட்டையும் ஒரே கட்டத்தில் தொடங்காமல் மண் சுத்தமான பகுதியில் 40 வீட்டோடு தொடங்கினால், சிவப்பு வட்டங்களின் வேலை இழுத்தாலும் குடும்பங்கள் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

வீடு விதிப்படி கட்டி முடிந்தது என்று சொல்லும் சிசிசி சான்றிதழ் இல்லாமல் சாவி வாங்காதீர்கள். சட்டப்படியான விற்பனை ஒப்பந்தத்தில் குறை திருத்தும் காலம் சாவி கொடுத்ததிலிருந்து 24 மாதம். களிமண் நிலத்தில் முதல் ஆண்டு எதுவும் தெரியாது. இரண்டாவது அக்டோபர் மழைக்குப் பிறகு வடிகால் சரிவு, சுவரோரக் குழாய் இணைப்பு, வாசல் படிக்குக் கீழே விழும் இடைவெளி மூன்றையும் படம் எடுத்து, தேதியிட்டு, காலம் முடிவதற்குள் எழுத்தில் புகார் கொடுங்கள்.