கேஜ் ஒட்டும் முன் இரும்பைத் துடைக்கும் முறை

ஸ்ட்ரெயின் கேஜ் (பளுவில் உலோகம் எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்று அளக்க அதன்மேல் ஒட்டும் மெல்லிய பட்டை) கழன்று வந்துவிட்டது என்று லேபில் யாராவது வந்து நின்றால், எந்தப் பசை போட்டீர்கள் என்று நான் கேட்பதில்லை. கடைசியாக எப்படித் துடைத்தீர்கள் என்றுதான் கேட்பேன். முக்கால்வாசி நேரம் கோளாறு அங்கேதான்.

மைல்டு ஸ்டீல் பீமை வைத்தே சொல்கிறேன். கேஜ் நகத்தளவுதான், ஆனாலும் சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஓரத்து எண்ணெய் துணியோடு நடுவுக்கு வந்துவிடும். முதலில் அசிட்டோனோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ வைத்து எண்ணெயை எடுங்கள். அதற்கு முன்பே உப்புத்தாளைப் போட்டால், அழுக்கு கீறலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

துருவும் மில் ஸ்கேலும் (சூடாக உருட்டும்போது இரும்பின் மேல் படியும் கருப்பு ஏடு) போனபின் 220, அடுத்து 320 நம்பர் வாட்டர் பேப்பர். இந்த 320-ஐ, கண்டிஷனர் எனப்படும் மென்மையான பாஸ்பாரிக் அமிலக் கரைசலால் ஈரமாக வைத்தபடியே தேய்க்க வேண்டும். கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டாம்; பசைக்குப் பிடிமானம் வேண்டும்.

கேஜ் உட்காரும் இடத்தைக் குறிக்கக் கோடு போட, ஸ்கிரைபர் எனும் கூர்முனை ஊசியை எடுக்கவே எடுக்காதீர்கள். நாம் அளக்கப்போகும் இடத்திலேயே கீறி வைப்பது எனக்குப் பொறுக்காத காரியம். ஸ்டீலுக்குப் பால்பாயின்ட் பேனா, அலுமினியத்துக்கு 4எச் பென்சில். அழுத்திப் போட்டால் போதும். பிறகு கண்டிஷனரில் நனைத்த பஞ்சுக்குச்சியால், பஞ்சில் கறை வராத வரைக்கும் தேயுங்கள். மை போய்விடும், தடம் நிற்கும்.

இப்போதுதான் துடைப்பு. கரைசல் காயும்வரை விடக்கூடாது. புது காஸ் துணியை மடித்து, நடுவில் வைத்து, ஒரே இழுப்பில் வெளியே கொண்டுபோங்கள். அந்தத் துணி அவ்வளவுதான், போட்டுவிடுங்கள். மறுபாதிக்கு இன்னொரு புதுத்துணி, மறுபடி நடுவிலிருந்து. முன்னும் பின்னும் தேய்த்தால், எடுத்த அழுக்கை நாமே திரும்பப் பூசுகிறோம். அடுத்து, அமிலத்தை முறிக்க அம்மோனியா கலந்த நியூட்ரலைசரைப் போட்டுத் தேய்த்த பிறகும் இதே துடைப்புதான். விரல் படக்கூடாது, வாயால் ஊதக்கூடாது. கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், அதில் எண்ணெய் வரும்.

ஸ்டீல் என்றால் 45 நிமிடத்துக்குள் ஒட்டிவிட வேண்டும். அலுமினியத்துக்கு 30, டைட்டானியத்துக்கு 10. அதனால் கேஜ், டேப், பசை எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்துவிட்டு நியூட்ரலைசர் பாட்டிலைத் திறங்கள்.