ஹீரோவுக்குப் பதினொரு வயசுதாங்க

போன சனிக்கிழமை எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், ஒன்பது வயதுப் பையனிடம் 'தி கிவர்' நாவலை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். "ஹீரோவுக்குப் பதினொரு வயசுதாங்க, ஒல்லிப் புத்தகம்தான்" என்றார். பாய்ந்து போய் வாங்கி வைத்தேன். பல வருடங்களுக்கு முன்பு இதையே அச்சுப் பிசகாமல் சொன்னவள் நான்.

டிஸ்டோபியா என்கிறார்களே, கெட்டுப்போன வருங்காலத்தைச் சொல்லும் கதைகள், அவற்றைப் பிள்ளைகளுக்குத் தரும்போது ரத்தம் வருகிறதா, கெட்ட வார்த்தை இருக்கிறதா என்று எல்லாரும் புரட்டிப் பார்த்துவிடுகிறார்கள். சறுக்குவது வேறு இடங்களில்.

ஹீரோவின் வயதை வைத்து முடிவு செய்வது

'தி கிவர்' 1993-இல் லோயிஸ் லௌரி எழுதியது. மறு ஆண்டே, சிறந்த சிறுவர் நூலுக்கு அமெரிக்காவில் தரும் நியூபெரி பதக்கம் கிடைத்தது. அட்டையில் பதக்க முத்திரை, உள்ளே எளிய ஆங்கிலம், ஜோனஸ் என்ற பையனுக்குப் பன்னிரண்டு ஆகப்போகிறது. வேறென்ன வேண்டும் என்று ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியிடம் கொடுத்தேன். கதையில் வரும் ஊரில் ஒன்பது வயதானால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சைக்கிள் உண்டு. அந்த இடம் வந்ததும் போன் செய்து குதித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து நாள் கழித்து அவள் அம்மா பேசினார். "அவங்க அப்பா தம்பியைத் தூக்கினா கூடவே போய் நிக்கிறா மிஸ். தடுப்பூசி போடப் போன இடத்துல ஒரே அழுகை, ஊசியே போட விடல."

கதையில் 'விடுவித்தல்' என்ற சொல் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடும். முதியவர்களை விழா எடுத்து விடுவிப்பார்கள். எங்கேயோ நல்ல இடத்துக்கு அனுப்புகிறார்கள் போல என்று படித்துக்கொண்டே போவோம். 19-ஆம் அத்தியாயத்தில்தான் உடையும். இரட்டைக் குழந்தைகளை எடை போட்டு, எடை குறைந்த குழந்தையின் நெற்றி நரம்பில் உயிர் பறிக்கும் ஊசி போடுகிறார் ஜோனஸின் அப்பா. கொஞ்சிக்கொண்டே போடுகிறார். அப்புறம் ஒரு அட்டைப்பெட்டி, சுவரில் ஒரு துவாரம், போகிற பெட்டிக்கு ஒரு டாட்டா. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.

அந்தச் சிறுமியின் வீட்டில் தம்பி பிறந்து மூன்று மாதம். நான் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்த ஊரின் மேல் கோபப்படும், சட்டம் பேசும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது ஊரின் கதையாகத் தெரியாது, அப்பாவின் கதையாகத்தான் தெரியும். 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலிலும் 12 முதல் 18 வயதுக்காரர்களைத்தான் ஒருவரையொருவர் கொல்லும் போட்டிக் களத்தில் இறக்குகிறார்கள். அதில் ரூ என்ற சிறுமிக்கு 12 வயது. தன் வயதுப் பெண் ஈட்டி பாய்ந்து சாவதைத்தான் உங்கள் வீட்டு ஆறாம் வகுப்பு படிக்கப்போகிறது. "சின்னப் பசங்க கதைதானே" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று ஏறும்.

"படமே பார்த்துட்டானே!"

2012-இல் வந்த 'தி ஹங்கர் கேம்ஸ்' படத்தை 12 வயதுக்குக் குறைந்தவர்களும் பெரியவர்களோடு பார்க்கலாம் என்ற சான்றிதழுக்காக, பிரிட்டனில் ஏழு விநாடி வெட்டினார்கள். புத்தகத்தில் எல்லாவற்றையும் நாயகி கேட்னிஸ்தான், தன் வாயால், அந்தந்தக் கணத்தில் சொல்கிறாள். படத்தில் சட்டென்று முடிகிற, அவளோடு மோதும் கேட்டோவின் சாவு, புத்தகத்தில் விடிய விடிய நீள்கிறது.

முதல் பாகம் சரி என்றால் மூன்றும் சரி

கிடையாது. 'தி ஹங்கர் கேம்ஸ்' வரிசையில் மூன்றாவது முழுக்க யுத்தம், சித்திரவதை.

ஒளித்து வைப்பது

பீரோ மேல் வைத்தால் நாற்காலி போட்டு எடுப்பார்கள்.

கொடுத்துவிட்டு மறந்துவிடுவது

இப்போது எங்கள் 'தி கிவர்' பிரதியில் 19-ஆம் அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது: 'இங்கே நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ணு.' பாதிப் பேர் பண்ணுவதில்லை. அந்த வாரம் நானே கூப்பிட்டுவிடுவேன்.